சின்னக் காடி ரசனை

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் எங்கள் தாமானில் வாரம் ஒருமுறை கூடும் இரவுச் சந்தையில், வடை சுடுகிற அம்மாளின் அடுப்புக்கும் கரும்புச் சாறு பிழிகிறவரின் இயந்திரத்துக்கும் நடுவே தார்ப்பாய் விரித்து விளையாட்டுச் சாமான்களைப் பரப்பியிருந்த ஒரு வியாபாரியிடம், பேரனுக்கென்று வாயால் சொல்லி, உள்ளபடியே என் நெஞ்சுக்குள் ஐம்பது வருஷமாய் உறங்கிக் கிடந்த ஓர் ஆசைக்காக நான் வாங்கிய முதல் ரிமோட் காடி, வீட்டுக்கு வந்த பத்தாவது நிமிஷத்தில் வாசற் கேட்டைத் தாண்டி, ரோட்டைக் குறுக்கே கடந்து, எதிர்வீட்டு லோங்காங்கில் விழுந்து, அன்று மாலை பெய்த மழைத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்தது. விசையை அமுக்கினால் அதற்குத் தெரிந்தது ஒரே வேகம், விட்டால் நின்றுவிடும். இடது என்றால் முழுக்க இடது, வலது என்றால் முழுக்க வலது. இடைப்பட்ட நிலை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. நான் லோங்காங்கின் ஓரத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தபோது பேரன் சொன்னான்: "பாவம் தாத்தா, அதுக்கு மெதுவாப் போகத் தெரியல."

அவன் சொன்ன சூத்திரத்துக்கு உரை எழுதுவதே இப்போது என் உத்தேசம். வியாபாரியின் மேல் குற்றமில்லை. அவர் விற்றது பொம்மை, நான் தேடிப் போனது வாகனம். இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

'காடி' என்று நான் எழுதுவதைக் கண்டு தமிழ்நாட்டு வாசகர்கள் யாரேனும் புளித்த கஞ்சியை நினைத்து முகம் சுளிக்க வேண்டாம். மலாயாவுக்கு வந்த நம்மவர்கள் காரைக் காடி என்றும், சரக்கு வண்டியை லோரி என்றும், பணத்தை வெள்ளி என்றும் சொல்லிச் சொல்லி அவை எங்கள் தமிழாகவே ஆகிவிட்டன. பந்தயத்தில் வெற்றி பெற வேண்டும் என்ற லட்சியமுடையவர்களுக்கும், ஆயிரக்கணக்கான வெள்ளியை இதில் இறைக்கச் சித்தமாக இருப்பவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அரைமணி நேரம் மனத்துக்கு உல்லாசமாக ஏதேனும் செய்ய விரும்புகிற சாமானியருக்காகவே எழுதுகிறேன்.

இந்த விநோதத்தின் பூர்வ சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1898ஆம் வருஷம் நியூயார்க் நகரத்து மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா தெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பித் தொடர்பு எதுவுமின்றி ரேடியோ அலையினாலேயே செலுத்திக் காட்டினார். ஆனால் அந்த வித்தை சாமானியர் கைக்கு ஒரு காராக வந்து சேர ஏறக்குறைய எழுபது வருஷம் ஆயிற்று. 1966இல் இத்தாலிய நிறுவனமான எல்ஜி, ஃபெராரி 250 எல்.எம். காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி வெளியிட்டது. பத்து வருஷம் கழித்து, மர வியாபாரமாகத் தொடங்கி மாதிரி வாகனங்களுக்குப் பெயர்போன ஜப்பானியத் தாமியா நிறுவனம் தன் முதல் ரேடியோ காரான போர்ஷே 934ஐ 1976இல் கொண்டுவந்தது. தாமியா என்ற பெயர் இந்நாட்டில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு வேறொரு ஞாபகத்தை எழுப்பும். 1982இல் அந்நிறுவனம் அறிமுகம் செய்த 'மினி ஃபோர் டபிள்யூ.டி.' என்னும் குட்டிக் கார்களை நம் பிள்ளைகள் நிறுவனத்தின் பெயராலேயே 'தாமியா' என்று அழைத்து, காலணா காலணாவாகச் சேர்ப்பதுபோல் காசு சேர்த்து வாங்கினார்கள். ஆனால் அதற்கு ரிமோட் கிடையாது. இரண்டு சுவர்களுக்கிடையே அதுபாட்டுக்குப் பாயும். அதை ஓட்டுவது என்பதில்லை, ஓடவிட்டுப் பின்னாலேயே நாமும் ஓடுவதுதான்.

வேகத்தில் மோகம் ஜொகூருக்குப் புதிதன்று. 1940இலேயே ஜொகூர் பாருவின் வீதிகளில் போக்குவரத்தை நிறுத்தி கிராண்ட் பிரீ பந்தயம் நடத்திய ஊர் இது. 1998இல் மோட்டார்சைக்கிள்களுக்கான உலக கிராண்ட் பிரீ பாசிர் கூடாங் பந்தயத் தடத்தில் நடந்தது. இத்தகைய ஊரிலே நின்றுகொண்டு, மெதுவாகப் போகத் தெரிந்த காடியாகப் பார்த்து வாங்குங்கள் என்று நான் சொல்வது விபரீதமாகத் தோன்றக்கூடும். ஆயினும் அதுவே என் தீர்மானமான அபிப்பிராயம்.

கடைக்குள் போனதும் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தௌகே கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு வண்டியை எடுத்து, இடது கையில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ரிமோட்டின் விசையை ஒரே இழுப்பாக இழுத்து, நான்கு சக்கரமும் அலறிச் சுழல, "எப்படி?" என்பதுபோலப் புருவத்தை உயர்த்துவார். தலையை ஆட்டி அவரைச் சந்தோஷப்படுத்திவிட்டு, ரிமோட்டை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டியைத் தரையில் வைத்து, துப்பாக்கிக் குதிரைபோல் இருக்கும் அந்த விசையை ஆள்காட்டி விரலால் கடுகளவு பின்னுக்கு இழுக்க வேண்டும். முதலில் மோட்டாரிலிருந்து கொசுவின் ரீங்காரம்போல் மெல்லிய சப்தம் வரும், வண்டி அசையாது. இன்னும் கடுகளவு. இப்போது உத்தமமான வண்டி, தூக்கம் கலைந்து எழுகிற யானையைப்போல, டயரின் மேலுள்ள முண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்னும்படி அத்தனை மெதுவாக உருளத் தொடங்கும். அதமமான வண்டியோ முனகும், இன்னும் முனகும், பிறகு திடீரென்று பாய்ந்து எதிரேயுள்ள சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். இந்த ஒரு பரீட்சையிலேயே பத்தில் ஏழு வண்டிகள் தோற்றுப்போவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேறியவற்றுள் எதை வாங்கினாலும் பெரிய மோசம் வராது.

அடுத்தபடியாக ஸ்டியரிங். ரிமோட்டின் பக்கவாட்டிலுள்ள சிறு சக்கரத்தைச் சிறிதே இடப்புறம் திருப்பினால் முன்சக்கரங்களும் சிறிதே திரும்ப வேண்டும். பாதி திருப்பினால் பாதி. கையை விட்டதும் அவை நேர்நிலைக்கு மீள வேண்டும். இடப்புறமிருந்து மீளும்போது ஒரு நிலையிலும் வலப்புறமிருந்து மீளும்போது வேறொரு நிலையிலுமாக வந்து நின்றால், அந்த வண்டி ஆயுள் பரியந்தம் நேராகப் போகாது; ரிமோட்டிலே 'டிரிம்' என்று எழுதிய குமிழை எவ்வளவு திருகினாலும் தீராத வியாதி அது. விரலின் அளவுக்கேற்ப வண்டியும் கேட்கிற இந்தக் குணத்தைக் கடையில் 'புரொபோர்ஷனல்' என்பார்கள். பெட்டியின் மேல் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் பரீட்சையைக் கைவிட வேண்டாம்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ரசனை கூடும். ரிமோட்டின் சொல் வண்டிக்கு எட்டியவுடன், அங்குள்ள ரிசீவர் ஒரு விநாடிக்குச் சுமார் 50 தடவை 'செர்வோ' என்னும் சிறு பெட்டிக்கு மின்துடிப்புகளை அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நேரம் நீடித்தால் சக்கரம் நேரே நிற்க வேண்டும் என்று அர்த்தம். ஒரு பங்குக்குச் சுருங்கினால் ஒரு பக்கக் கோடி, இரண்டு பங்குக்கு நீண்டால் மறு பக்கக் கோடி. செர்வோ கற்பூர புத்தியுள்ளது; அந்த அற்ப பேதத்தைக் கண்டு அதற்குத் தக்கபடி திரும்புகிறது. வண்டி நிற்கும்போது அதனருகே காதை வைத்து ஸ்டியரிங்கை அசைத்தால் 'ஸீக், ஸீக்' என்று கேட்பது அதன் குரல்தான். நான் சிறுவனாயிருந்த நாளில் இரண்டு பேர் அருகருகே விளையாடினால் ஒருவன் விசையை அமுக்க மற்றவன் வண்டி ஓடும் வேடிக்கை உண்டு. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அத்தனை நெருக்கடி. இப்போதுள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் தம் வண்டியைத் தாமே அடையாளம் கண்டுகொள்வதால் அந்தச் சண்டை ஒழிந்தது.

பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் வேகக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இருபத்து நான்கில் ஒரு பங்கு காடி மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடினால், அதை 24ஆல் பெருக்கி, அசல் காரின் 240 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமானம் என்று பெருமை பேசுவார்கள். இது பெருக்கல் வாய்ப்பாட்டின் கணக்கேயன்றி இயற்கையின் கணக்கன்று. நாம் வண்டியின் நீளத்தைச் சுருக்கினோம். பூமியின் ஈர்ப்பைச் சுருக்க நம்மால் முடியவில்லை. ஆகையால் குட்டி வண்டி ஒரு மேட்டில் ஏறி விழுவதும், அதிர்ந்து அடங்குவதும் அசல் காரைவிட வேகமாக நிகழ்ந்துவிடுகின்றன. எத்தனை மடங்கு வேகமாக என்றால், 24இன் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு, அதாவது ஏறக்குறைய 4.9 மடங்கு. சினிமாக்காரர்கள் சிறு மாதிரிக் கப்பலைத் தொட்டியில் மிதக்கவிட்டுப் படமெடுக்கும்போது காமிராவை அதிவேகமாக ஓட்டி, திரையில் நிதானப்படுத்திக் காட்டுவதும் இதே காரணத்தால்தான். அந்தக் கணக்கின்படி 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நம் காடி கண்ணுக்கு 49 கிலோமீட்டரில் போகும் காரைப்போலத் தோன்றலாமே தவிர 240இல் அன்று; அதற்குமேல் விரட்டினால் அது காராகவே தோன்றாமல் வெட்டுக்கிளியாகிவிடும்.

இங்கேதான் என் ஐம்பது வருஷத்து ஆசையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் எங்களைக் கடந்து துரையின் லேண்ட்ரோவர் செம்மண் ரோட்டிலே போகும். அது வேகமாகப் போனதே இல்லை. மழையில் அரித்த பள்ளத்தில் ஒரு முன்சக்கரம் இறங்கும்போது அந்தப் பக்கத்துத் தோள் தாழும்; எதிர்மூலைப் பின்சக்கரம் உயரும்; பல்லக்கு சுமப்பவர்கள் தோள் மாற்றுவதுபோல் நான்கு மூலையும் மாறி மாறி அசைந்து, உடம்பு மட்டும் அநேகமாக மட்டமாகவே மிதந்து போகும். மணிக்கு 20 கிலோமீட்டர் இருக்கலாம். அந்தக் காட்சியை இருபத்து நான்கில் ஒரு பங்காக என் வாசலில் காண வேண்டுமானால், மேற்சொன்ன கணக்கின்படி வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர் போனால் போதும். மனிதன் சாவகாசமாக நடக்கிற வேகம். பாறையேறும் 'கிராலர்' ஜாதி வண்டிகளான ஆக்ஸியல் எஸ்.சி.எக்ஸ். 24, அதனினும் சற்றுப் பெரிதாய் 1/18 அளவில் டிராக்ஸஸ் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த டி.ஆர்.எக்ஸ். 4எம், கொஞ்சம் மலிவில் சீனத்து எம்.என். டி90 ஆகியவற்றின் மேல் எனக்குள்ள பட்சபாதத்துக்கு அந்தச் செம்மண் ரோடே காரணம். கடைசியாகச் சொன்னது அச்சாக லேண்ட்ரோவர் டிஃபெண்டரின் சாயல். எனவே என் சிபாரிசைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டே படியுங்கள்.

எந்த அளவு வண்டி வேண்டும் என்பதை உங்கள் பணப்பைக்கு முன்னால் உங்கள் தரை தீர்மானிக்கிறது. நான்கே கால் மீட்டர் நீளமுள்ள சாதாரணக் காரை 28இல் ஒரு பங்காக்கினால் 15 சென்டிமீட்டர். 18இல் ஒரு பங்கானால் 24. பத்தில் ஒரு பங்கானால் 42. வீட்டுக் கூடத்தில் வழுவழுப்பான டைல் தரை இருந்து, மனைவிமார் சம்மதமும் இருந்தால், 28இல் ஒரு பங்குக் கார்களைப்போல் லாகவமானவை வேறில்லை. ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1999 முதல் வெளியிட்டு வரும் மினி-இஸட் இந்த ஜாதியில் பிரசித்தம். ஆனால் அதன் வயிறு தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வாசற்படி அதற்கு மேரு மலை. வீட்டுக்கு வெளியே வந்தால், போர்ட்டிக்கோவின் சிமெண்டுத் தரையும் பூந்தொட்டிகளுக்கு நடுவிலுள்ள கற்களும் கிராலர்களுக்கு ஏற்ற ராஜ்யம். தாமான் திடலின் புல்லை மட்டும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். நமக்குப் பாதத்தளவு உயரமுள்ள புல் அந்த வண்டிக்குச் செம்பனைத் தோப்பு. நம் ஊர் மழைக்கு அது வாரத்தில் வளர்ந்துவிடும். லாலாங் புல்லின் நார் அச்சில் சுற்றிக்கொண்டு மோட்டாரைக் கருக்கிவிடும். திடலில் ஓட்டத்தான் வேண்டுமென்றால் பத்தில், பன்னிரண்டில் ஒரு பங்கு வண்டியாக வாங்குங்கள்.

லோரியில் பிரியமுள்ளவர்களுக்கு டபிள்யூ.பி.எல். டி12 என்றொரு வண்டி கிடைக்கிறது. ஜப்பானியர் சட்டப்படி 3.4 மீட்டருக்கு மேல் நீளாத சின்ன லோரி ஜாதியைச் சேர்ந்த சுசுக்கி கேரியின் சாயலில், பத்தில் ஒரு பங்காகச் செய்தது. பின்புறப் பலகைகள் திறந்து மூடும். பின்சக்கரங்களால் மட்டும் ஓடுவதாலும் பின்புறம் பாரமில்லாததாலும் வெறும் லோரியாக விரட்டினால் வழுக்கித் திரியும். பேரன் அதில் கச்சான் பொட்டலங்கள் நாலைந்து ஏற்றினான். பாரம் பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்ததும் வழுக்கல் அடங்கி, சந்தைக்குப் போகும் உண்மையான லோரியின் நடை வந்துவிட்டது. போகிற வழியிலேயே சரக்கில் பாதி காணாமற் போனது வேறு விஷயம்.

வாங்குவதற்கு முன்னால் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். கூரையை விரலால் அமுக்கினால் வண்டி தாழ்ந்து, விட்டதும் துள்ளாமல் எழ வேண்டும். சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் இலேசான அசைவு இருக்கலாம், கிழவன் பல்லைப்போல் ஆடக் கூடாது. நீங்களே பூட்டிக்கொள்ளும் ரகமானால், மோட்டாரின் சிறு பல்சக்கரத்துக்கும் அதைக் கவ்வும் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவே ஒரு காகித நறுக்கை வைத்து நெருக்கித் திருகாணியை முடுக்கிவிட்டு, காகிதத்தை உருவி எடுத்துவிடுங்கள். அந்தக் காகிதத்தின் கனமே இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி. இடைவெளி சரியானால் சப்தம் இனிமையாக இருக்கும், மிகுந்தால் கடகடக்கும், குறைந்தால் அழும்.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்று கேட்ட பிறகுதான் விலையைக் கேட்க வேண்டும். ரேடியோ சாதனமாகையால் சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வண்டி தளர்ந்ததும் நிறுத்திவிடுங்கள், ஒரு செல்லில் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுள் கெடும், நாள்கணக்கில் எடுத்து வைப்பதானால் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பியதைக் குத்தியோ அமுக்கியோ பார்க்காமல் விலக்கிவிடுங்கள். நம் ஊர் வெயிலில் நிறுத்திய அசல் காருக்குள் மறந்தும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு பேட்டரி கால்மணி, இருபது நிமிஷம் ஓடும். அப்போது மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். மூன்று விநாடி விரலை வைத்திருக்க முடியவில்லையென்றால் அதற்கும் உங்களுக்கும் பத்து நிமிஷம் ஓய்வு.

இனி, பார்க்கும் விதம். நின்றபடி மேலிருந்து பார்த்தால் வண்டியின் கூரைதான் தெரியும். ஆறு மணிச் சாய்வெயிலில் போர்ட்டிக்கோத் தரையில் பாயைப் போட்டு, கன்னம் தரையில் படும்படி படுத்துக்கொண்டு, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சக்கரங்களின் உயரத்துக்கு நம் கண் இறங்கியவுடன் செங்கல் மலையாகிறது, தொட்டியிலிருந்து கசிந்த நீர் ஆறாகிறது. நான் முதன்முதல் அவ்விதம் படுத்தபோது, பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் நான் மயங்கி விழுந்துவிட்டேனென்று பதறி வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். விஷயம் தெரிந்ததும் அவரும் வந்து குந்திக்கொண்டார். இப்போது அவர்தான் மாலை தவறாமல் கேட்டைத் தட்டுகிறவர்.

ஒரு சங்கடம் எல்லோருக்கும் வரும். வண்டி நம்மைவிட்டு விலகிப் போகும்வரை இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருக்கும். நம்மை நோக்கித் திரும்பி வருகையில் இரண்டும் மாறிப்போகும். இதற்கு மருந்து, திருமூலர் மூலன் என்னும் இடையன் உடம்பிற் புகுந்ததுபோலக் கூடுவிட்டுக் கூடு பாய்ந்து, அந்தச் சின்னச் சாரதி ஆசனத்தில் மனத்தைக் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான். அங்கே உட்கார்ந்தவனுக்கு இடம் எப்போதும் இடமே. இந்தச் சித்தி கைகூடச் சில நாள் பிடிக்கும். மெதுவாகப் போகத் தெரிந்த வண்டியானால் அதுவரை எதிலும் மோதாமல் பொறுத்துக்கொள்ளும்.

பயிற்சிக்குத் தடம் அமைக்கவும் செலவில்லை. எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் செருப்புகள் கிடக்கும். அவற்றில் ஆறு ஜோடியை எடுத்து, வண்டியின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு இடைவெளி விட்டு, கோணலும் மாணலுமாகப் பரப்பி வைத்துக்கொண்டேன். ஒரு செருப்பையும் தொடாமல் ஊடே புகுந்து போய்த் திரும்பி வர எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. பேரன் நான்காம் நாளே செய்துவிட்டான்.